மின்சாரத்துக்கும் ஒரு பூட்டு!

திண்டுக்கல் என்றதும் நினைவுக்கு வருவது பூட்டு. வீட்டுக்கும் கடைக்கும் கோவிலுக்கும் காவல் இருப்பது அந்தப் பூட்டு. கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. "இது இந்த ஊர்ப் பொருள்" என்பதற்கு அது அத்தாட்சி.

ஊரார் சொத்தை எல்லாம் காக்கும் பூட்டு, பழைய கட்டிடங்களில் உள்ள சின்னஞ்சிறு பட்டறைகளில் உருவாகிறது. ஆனால் அப்படிப்பட்ட பட்டறைகளில் ஒரு பொருள் மட்டும் காவல் இல்லாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. அது என்ன? மின்சாரம்!

போட்டி கடுமை

வட நாட்டில் உள்ள அலிகார் நகரில் எந்திரங்களால் பூட்டுகள் செய்கிறார்கள். அவை விலை மலிவு. கைப்பூட்டுக்கு நேரம் அதிகம், கூலியும் அதிகம்.

தொழிலாளியின் கூலியைக் குறைத்து இந்தப் போட்டியில் ஜெயிக்க முடியாது. கூலி குறைந்தால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவருடைய கைத்திறனும் அவரோடு போய்விடும். குறைக்க வேண்டியது கூலியை அல்ல, வீண் செலவை. அதில் மின்சாரச் செலவும் ஒன்று.

மிக அதிகமாக எரிசக்தி செலவாகும் பெரிய ஆலைகளில் தணிக்கை நடத்துவதற்கு 2001-ம் ஆண்டு சட்டம் வழி செய்திருக்கிறது. அங்கே என்ஜினீயர்கள் இருக்கிறார்கள். பட்டறைக்கு யார் வருவார்கள்? பட்டறைக்காரரே கணக்குப் பார்க்க வேண்டியதுதான்.

கணக்கு இதோ

1,000 வாட் மின்சாரம் 1 மணி நேரம் செலவானால், அது 1 யூனிட்.

பழைய டியூப் லைட் 40 வாட். அதில் உள்ள இரும்பு சோக், தன் பங்குக்கு 10 வாட்டுக்கு மேல் தின்னும். ஆக மொத்தம் 50 வாட். 20 வாட் எல்.இ.டி. விளக்கு அதே வேலையைச் செய்துவிடும். ஒரு விளக்குக்கு 30 வாட் மிச்சம்.

பட்டறையில் 10 விளக்குகள் தினம் 10 மணி நேரம் எரிந்தால், ஒரு நாளைக்கு 3 யூனிட் மிச்சமாகும். 300 வேலை நாட்களில் 900 யூனிட். ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7,200 ரூபாய்! விளக்கு ஒன்று 250 ரூபாய் என்றால், 10 விளக்குகளுக்குப் போட்ட பணம் 5 மாதத்துக்குள் திரும்பி வந்துவிடும்.

அடுத்தது மின்விசிறி. பழைய விசிறிக்கு 75 வாட் வேண்டும். புதிய ரக விசிறிக்கு 30 வாட் போதும். ஆனால் விலை 3,000 ரூபாய் அளவில் இருக்கிறது. போட்ட பணம் திரும்ப 3 ஆண்டுகள் ஆகலாம்.

ஆகவே, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கடன் வாங்க வேண்டாம். முதலில் விளக்கு, பழைய விசிறி கெட்டுப்போகும்போது புதிய விசிறி. விசிறிகளில் நட்சத்திர முத்திரை இருக்க வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம். நட்சத்திரம் கூடினால் மின்சாரச் செலவு குறையும்.

பாலிஷ் எந்திரத்தின் மோட்டாரையும் கவனிக்க வேண்டும். வேலை இல்லாமல் சும்மா சுற்றினாலும் அது மின்சாரம் தின்னும். எரிந்துபோன மோட்டாருக்குக் கவனமில்லாமல் காயில் கட்டினால், அது முன்னைவிட அதிகம் தின்னும். தொய்ந்த பெல்ட்டும் ஒரு திருடன்தான்!

கட்டிடம் குற்றவாளியா?

"கட்டிடம் பழசு; என்ன செய்தாலும் இப்படித்தான்" என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். இது சரியல்ல. கனத்த சுவர், உயரமான கூரை, முற்றம் ஆகியவை அந்தக் காலத்துக் கொத்தனார் தந்த குளிர்ச்சி. ஜன்னலை மறைத்துச் சரக்கை அடுக்கியதும், முற்றத்தைத் தகரத்தால் மூடியதும் பிறகு வந்தவர்கள் செய்த வேலை. பகலிலேயே விளக்கு எரிவதற்குக் காரணம் அதுதான்.

சரக்கை நகர்த்தினால் வெளிச்சம் வரும். ஓட்டுக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் பதித்தால் இன்னும் வரும்.

கொடைக்கானல் மலை பக்கத்தில் இருந்தாலும் திண்டுக்கல் சமவெளியில் வெயிலுக்குக் குறைவில்லை. தளத்துக்கு வெள்ளை அடித்தால் வெயிலின் பெரும் பகுதி திரும்பிப் போய்விடும். தெலுங்கானா அரசு 2023-ம் ஆண்டில் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை வெளியிட்டது.

ஒன்றில் மட்டும் பழமை ஆபத்து. அது மின்கம்பி. இற்றுப்போன கம்பியும் தளர்ந்த இணைப்பும் சூடாகும். மின்சாரம் வீணாவதோடு, தீயும் பிடிக்கலாம். உயிருக்கே ஆபத்து. இதை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

செலவு யாருடையது?

வாடகைக் கட்டிடம் என்றால் சிக்கல் இங்கேதான். "பில் கட்டுவது அவர், எனக்கு என்ன?" என்பார் கட்டிடக்காரர். "நாளைக்கே காலி செய்யச் சொன்னால் போட்ட பணம் போச்சே!" என்பார் பட்டறைக்காரர். இருவரும் சும்மா இருப்பார்கள். மீட்டர் மட்டும் சும்மா இராது!

இதற்கு நியாயமான வழி ஒன்று உண்டு. கூரையும் மின்கம்பியும் கட்டிடத்தோடு இருப்பவை. அந்தச் செலவு கட்டிடக்காரருடையது. விளக்கும் விசிறியும் கழற்றிக்கொண்டு போகக்கூடியவை, அவை பட்டறைக்காரருடையவை. கட்டிடக்காரர் கையில் பணம் இல்லை என்றால், பட்டறைக்காரர் செலவு செய்து, வாடகையில் மாதாமாதம் கழித்துக்கொள்ளலாம். எதையும் வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் தம்பியாகப் பழகினாலும் கணக்கு கணக்குதான்.

மிச்சமாகும் 7,200 ரூபாய் பெரிய ஆலைக்குத் தூசு. சின்னப் பட்டறைக்கு அது மாதம் 600 ரூபாய். பையனின் பள்ளிக்கூடச் செலவுக்கு ஆகும். தொழிலாளிக்குத் தீபாவளிக்குக் கொடுக்க ஆகும்.

இந்தப் பூட்டுக்குச் சாவி, பட்டறைக்காரர் கையிலேயே இருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. எத்தனை விளக்கு, எத்தனை விசிறி, எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க, இதைவிட நல்ல நாள் ஏது?