வேகம் கூடியது, ஆயுள் கூடியதா?

“எல்லாத்தையும் ஹார்டு டிஸ்க்ல ஏத்தியாச்சு, இனி கவலையில்ல” என்று நம் வயதுக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கல்யாண ஆல்பம், அப்பாவின் குரல் பதிந்த கேசட், வீட்டுப் பத்திரத்தின் நகல் என எல்லாவற்றையும் ஒரு கைப்பெட்டியில் மாற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். பூட்டியதோடு சரி, பிறகு யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இது பாதுகாப்பே அல்ல என்பது என் வாதம்.

முன்னேற்றத்தை நான் மறுக்கவில்லை. ஒரு காலத்தில் கணினியின் முதுகில் கீபோர்டுக்கு ஒரு துளை, பிரிண்டருக்கு அகலமாய் ஒன்று, மோடத்துக்கு இன்னொன்று என்று இருந்தன. 1996-ல் வந்த யு.எஸ்.பி. இவற்றையெல்லாம் ஒன்றாக்கியது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் அஜய் பட், பரோடாவில் படித்த நம் நாட்டுக்காரர். அன்று வினாடிக்கு 12 மெகாபிட். 2000-ல் 480. 2008-ல் 5,000. 2022-ல் வகுத்த தரத்தில் 80,000. கால் நூற்றாண்டில் ஆறாயிரம் மடங்குக்கு மேல். பிளாப்பியில் 1.44 எம்.பி.தான் அடங்கும், நல்ல போட்டோ ஒன்றுக்கே இன்று அது போதாது.

சரி, வேகம் கூடியது. ஆயுள்?

பென் டிரைவில் தகவல் மின்னூட்டமாகத்தான் அடைபட்டிருக்கிறது. மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் போட்டுவைத்தால் அது மெல்லக் கசியும். ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுழல்கிறது. ஒருமுறை கை தவறிக் கீழே விழுந்தால் போதும். எழுதும் சி.டி.யில் இருப்பது சாயப்பூச்சு. நம் ஊர் சித்திரை வெயிலும் புழுக்கமும் அதற்கு ஆகாது.

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு கோப்பை முடிக்கும்போதே ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று ஆயுளைக் குறித்துவிடுவோம்: ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். நி.மு. போட வேண்டிய குடும்பச் சொத்தை, ப.மு.வுக்கே உத்தரவாதமில்லாத பொருளில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். ரெக்கார்டு ரூமில் இப்படிச் செய்திருந்தால் மெமோ வந்திருக்கும்.

தயாரிப்பாளர்களையும் விடுவதற்கில்லை. டைப்-சி என்று ஒரே முகத்தில் கேபிள் விற்கிறார்கள். உள்ளே ஒன்று 2000-ஆம் ஆண்டு வேகம், இன்னொன்று இன்றைய வேகம். பார்த்தால் தெரியாது. 3.0 என்று விற்றதற்கே 3.1 ஜென் 1 என்றும் 3.2 ஜென் 1 என்றும் பெயர் மாற்றினார்கள். சில நூறு ரூபாய்க்கு 2 டி.பி. பென் டிரைவ் என்று விற்பது போலி. அது 2 டி.பி. என்று காட்டும், ஏற்றினால் ஏற்றிக்கொள்ளும், திறந்தால் ஒன்றும் இருக்காது.

“கிளவுடில் போடுங்க தாத்தா” என்கிறார்கள் பேரப்பிள்ளைகள். போடலாம். ஆனால் இரண்டு வருடம் யாரும் தொடாத தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்று 2023-ல் கூகுள் விதி வகுத்தது. நாம் கண் மூடியபின் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?

நம் தாமிரபரணிக் கரை இந்தப் பாடத்தை முன்பே படித்திருக்கிறது. பத்துப்பாட்டு ஏடு தேடி உ.வே.சாமிநாதையர் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். பனையோலை நிரந்தரமல்ல. செல்லரிக்கும், ஒடியும். அது ஒடிவதற்குள் புது ஓலையில் யாரோ ஒருவர் படியெடுத்ததால்தான் நூல் பிழைத்தது. படியெடுக்க ஆள் இல்லாத வீடுகளில் ஏடு ஆற்றோடு போனது, அடுப்புக்கும் போனது.

ஆறு நமக்கும் நினைவூட்டியது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. சந்திப்பிலும் கொக்கிரகுளத்திலும் வெள்ளம் புகுந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் ஆல்பமும் அதன் நகல் உள்ள ஹார்டு டிஸ்க்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இரண்டும் சேர்ந்துதானே நனையும்? ஒரே வீட்டில் வைத்த இரண்டு நகல், கணக்கில் ஒன்றுதான்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பென் டிரைவுக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ‘க்ளே’, அதாவது சாவி. பேக்கப்புக்கு ‘சோவ்கார்த்’: காப்பாற்றிக் காவல் காப்பது என்று அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. நாம் சாவியை வாங்கிவிட்டோம், காவலுக்குத்தான் ஆள் போடவில்லை.

ஆகவே அண்ணாச்சிமார்களே, நான்கு காரியம் செய்யுங்கள். முக்கியமானதை இரண்டு டிரைவில் ஏற்றி, ஒன்றை வெளியூரில் இருக்கும் மகளிடமோ தம்பியிடமோ கொடுங்கள். வருடம் ஒருமுறை, பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது, இரண்டையும் கணினியில் செருகித் திறந்து பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதியதில் படியெடுங்கள். போட்டோக்களில் மிக முக்கியமான ஐம்பதைக் காகிதத்தில் அச்சிட்டு, பின்பக்கம் பென்சிலால் பெயரும் வருடமும் எழுதிவையுங்கள். அதைப் படிக்கக் கேபிள் வேண்டாம்.