காரோலின் அம்மாள்

ஊர் ஊராக மூட்டை கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கு அறிவார்கள். அத்தகைய வாழ்வையே பல்லாண்டுகள் வாழ்ந்தவர் காரோலின் இங்கல்ஸ் அம்மாள்.

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் பிரதேசத்தில் 1839-ம் வருஷம் பிறந்த இவர், பள்ளி உபாத்தியாயினியாக இருந்து, 1860-ல் சார்லஸ் என்பவரை மணந்தார். கணவருக்கோ மேற்கே போகவேண்டுமென்ற ஆசை ஓயவில்லை. கான்ஸஸில் அவர்கள் குடிசை கட்டிய நிலம் ஓஸேஜ் என்னும் பூர்வகுடிகளுக்கு உரியது. குடியேறியவர்களின் துணிவைப் புகழும்போது, நிலம் இழந்தவர்களின் துயரத்தை மறத்தல் தகாது.

மின்னஸோட்டாவில் வெட்டுக்கிளிகள் பயிரை அழித்தன. 1876-ல் ஒன்பது மாத ஆண் குழந்தை மாண்டது. 1879-ல் மூத்த பெண் மேரிக்குப் பார்வை போயிற்று. டக்கோட்டாவில் டி ஸ்மெட் என்ற ஊரை அடைந்ததும், 'இனி இங்கேதான்' என்று நிலைத்துவிட்டார்கள். 1880-ல் அங்கே தோன்றிய கிறிஸ்தவ ஆலயத்தின் முதல் அங்கத்தினர்களில் தம்பதிகள் இருவரும் உண்டு. அவ்வருஷக் குளிர்காலத்தில் பனிப்புயலால் ரயில் நின்றது. காப்பிக்கொட்டை அரைக்கும் யந்திரத்தில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டுக் குடும்பம் பிழைத்தது.

மேரியை அயோவாவிலுள்ள பார்வையற்றோர் பள்ளியில் படிக்க வைத்தார்கள். 1902-ல் கணவரை இழந்த அம்மாள், பின்னர் இருபத்திரண்டு வருஷம் அம்மகளுக்குத் துணையாக வாழ்ந்து, 1924-ல், 84-வது வயதில் காலமானார்.

இரண்டாவது பெண் லாரா, அந்த வாழ்க்கையைக் கதையாக்கி 1932 முதல் வெளியிட்டார். உலகமெங்கும் குழந்தைகள் படித்த அப்புத்தகங்களைத் தாயார் பார்க்கவில்லை. பெற்றவளிடம் கேட்க வேண்டியதை, அவள் இருக்கும்போதே நாம் கேட்டு வைக்கிறோமா?