கூலிக்கொடிக் கலங்களும் கூசி நிற்கும் துறைகளும்

வாயிலில் வந்து நிற்பவனை, 'என்ன மூட்டை கொண்டு வந்தாய்?' என்று கேட்பது பண்பின்மையா? பண்பின்மை என்றே எண்ணுகின்றனர் போலும், நம் துறைமுகங்களை ஆள்வோர்!

2025 மே 25-ஆம் நாள் கொச்சிக்கு அப்பால் 'எம்.எசு.சி. எல்சா 3' என்னும் சரக்குக் கலம் ஒருபுறம் சாய்ந்து மூழ்கியது. 1997-இல் கட்டப்பெற்ற கலம் அது. அதில் இருந்த பெட்டகங்கள் 640. அவற்றுள் சிலவற்றில் நீர்பட்டால் தீப்பற்றும் வளியைக் கக்கும் கால்சியம் கார்பைடு இருந்தது. ஞெகிழி மணிகளோ கேரளக் கரையை நிறைத்துக் குமரிமுனை வரை வந்து ஒதுங்கின. மணலைச் சலித்துச் சலித்து அவற்றைப் பொறுக்கியவர்கள் யார்? கலத்துக்கு உரியவர்கள் அல்லர்!

அக்கலத்தின் கொடி இலைபீரியக் கொடி. அதனை இயக்கிய குழுமத்தின் தலைமையிடம், கடலே இல்லாத சுவிட்சர்லாந்து. இலைபீரியக் கப்பற் பதிவேட்டை நடத்தும் அலுவலகமோ அமெரிக்காவின் வர்சீனியாவில்! இப்படிக் காசுக்குக் கொடி தருவதை ஆங்கிலர் நயமாக 'ஏந்துக்கொடி' என்கின்றனர். கூலிக்கொடி என்பதே அதற்குத் தக்க பெயர்.

கொடி தந்த நாடு கண்காணியாதென்றால் கலம் அணையும் துறையே கண்காணிக்க வேண்டும். இவ்வுண்மையை ஐரோப்பியர் பட்டறிந்தனர். 1978-இல் இலைபீரியக் கொடி பறந்த 'அமோக்கோ காதிசு' பிரான்சின் பிரித்தானிக் கரையில் உடைந்து, இரண்டு இலக்கம் தொன்னுக்கும் மேற்பட்ட கச்சா எண்ணெயைக் கொட்டியது. அதன் பின்னரே 1982-இல் பாரிசு உடன்படிக்கை பிறந்தது. இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கும் 1998-இல் அத்தகைய உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் செயலகம் கோவாவில்தான் உள்ளது. அயற்கலத்தில் ஏறவும், உயிர்காப்புப் படகையும் தீயணைப்புப் பொறியையும் இயக்கிக் காட்டச் சொல்லவும், குறை பெரிதாயின் கலத்தைத் தடுத்து நிறுத்தவும் துறைநாட்டு ஆய்வருக்கு உரிமையுண்டு. எண்ணெய்ப் பதிவேட்டைப் புரட்டலாம். பொறியறைக் கழிவுநீரைப் பிரிகலத்தில் செலுத்தாமல் கள்ளக் குழாய்வழிக் கடலில் விடுகின்றார்களா என்று துருவலாம். உரிமை இருக்கின்றது; உறுதி எங்கே?

'கடுமை காட்டினால் கலங்கள் அடுத்த துறைக்குப் போய்விடும்' என்பர் வணிகர். அடுத்த துறையும் அதே கடுமையைக் காட்டுவதற்காகத்தானே ஐயா, நாடுகள் கூடிக் கையெழுத்திட்டன!

துறைகள் கைகழுவினால் என்ன நேரும் என்பதை ஈழத்தீவின் மேற்குக் கரை கண்டது. 2021-இல் 'எக்சு-பிரசு பேர்ல்' கலத்தில் நைத்திரிக்குக் காடிப் பெட்டகம் ஒன்று கசிந்தது. கத்தாரின் அமாது துறையிலும் குசராத்தின் அசீரா துறையிலும் அதனை இறக்க இசைவு கிட்டவில்லை. கசியும் பெட்டகத்தோடு கொழும்புக்கு வந்த கலம் மே 20-இல் தீப்பற்றிச் சூன் 2-இல் மூழ்கியது. நீர்க்கொழும்பு மீனவரின் வலை காய்ந்தது. அதுவோ சில திங்களே ஆன புதுக்கலம். பறந்த கொடியும் சிங்கப்பூர்க் கொடி. ஆகவே கொடியை மட்டும் பழித்துப் பயனில்லை. ஏதத்தைக் கண்டும் 'எம் துறையில் வேண்டா' என்று விரட்டிய துறைகளும் குற்றத்திற்கு உடந்தையே.

கரிகாலன் காலத்துப் புகாரில் ஏறும் பொருளையும் இறங்கும் பொருளையும் எண்ணிப் புலிப்பொறி ஒற்றிய பின்னரே விட்டனர் என்பதைப் பட்டினப்பாலை கற்றார் அறிவர். அந்நாளில் எந்த வணிகனும் அஞ்சி ஓடிவிடவில்லை.

எனவே நாம் கேட்பது: முதுமையுற்ற கலங்களையும் நஞ்சுச் சரக்குக் கலங்களையும் தவறாது ஏறி ஆய்க! கசியும் பெட்டகத்தைப் பாதுகாப்பாக இறக்கி வைக்கும் இடத்தைத் தூத்துக்குடி, எண்ணூர், சென்னைத் துறைகளில் அமைக்க! தடுத்து நிறுத்திய கலங்களின் பெயரையும் குறையையும் தூய தமிழில் எழுதி, ஒவ்வொரு மீனவர் குப்பத்திலும் ஒட்டுக!