பேசாலைத் துளைகளை மறுபடி வாசிப்போம்

மன்னார்த் தீவின் தரையில் எண்ணெய் தேடச் சொல்லும் அடையாளம் எதுவும் இல்லை. மேலே மணல். அதன் கீழே, யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் காணும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து மன்னார்ப் பாலம்வரை நடந்துபோகும் புவிச்சரிதவியலாளரின் சுத்தியலுக்குக் கிரெத்தேசியக் காலப் பாறை ஒன்றுகூட அகப்படாது. அப்படியொரு பாறை அடியில் இருப்பதைக் கண்ணால் காணவைத்தவை பேசாலையில் இறக்கிய துளைகள்தான். இறக்கி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று பேசாலையின் பெயர் நம் துறை அறிக்கைகளின் முன்னுரையில் ஒரே வாக்கியமாக வந்துபோகிறது: தோண்டினார்கள், வணிக அளவில் எதுவும் கிடைக்கவில்லை. அந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வது பெரும் பிழை என்று இவ்விதழ் கருதுகிறது.

இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1961 இல் உருவானது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் சி.ஜி.ஜி. என்ற பிரெஞ்சு நிறுவனம் மன்னார்ப் பகுதியில் நில அதிர்வு அளவை செய்தது. 1970களின் தொடக்கத்தில் சோவியத் நிபுணர்கள் அந்தப் பணியை விரிவுபடுத்தினார்கள். காவிரிப் படுகையின் மறுகரையில் இந்தியாவின் ஓ.என்.ஜி.சி. 1964 இலேயே காரைக்காலில் தன் முதல் துளையை இறக்கியிருந்தது. ஒரே படுகையின் இரு ஓரங்களில் இரு நாடுகள் தேடிய காலம் அது. 1974 இல் பேசாலை-1 ஏறத்தாழ 2,500 மீற்றர் ஆழம்வரை சென்றது. தொடர்ந்து பேசாலை-2, பேசாலை-3. எண்ணெய்க் கிணறு என்று சொல்லத்தக்க ஒன்று அந்த மூன்றிலும் அமையவில்லை.

பின்னர் நடந்தவை நம் வாசகர்கள் அறிந்தவையே. 1976 இல் மரதன் நிறுவனம் பாக்கு நீரிணையில் பாக்கு விரிகுடா-1, நெடுந்தீவு-1 ஆகிய துளைகளை இறக்கியது. 1981 இல் சிற்றீஸ் சேவிஸ் நிறுவனம் மன்னார் வளைகுடாவில் பேர்ள்-1, பருத்தித்துறைக்கு அப்பால் பெட்ரோ-1 என இன்னும் இரண்டை இறக்கியது. அதன்பின் போர். 2001 இல் புதிய நில அதிர்வுத் தரவு திரட்டப்பட்டது. 2008 இல் கெயார்ன் நிறுவனத்துக்கு மன்னார்ப் படுகையில் ஒரு தொகுதி வழங்கப்பட்டது. 2011 இல் டொராடோ, பராகுடா ஆகிய இரு துளைகள் வாயுவைத் தொட்டன. டொராடோவில் 3,044 மீற்றருக்கும் 3,069 மீற்றருக்கும் இடையே சுமார் 25 மீற்றர் தடிப்பில் வாயு தேங்கிய மணற்கல் இருந்தது. அடுத்து இறக்கிய துளைகள் வறண்டன. எண்ணெய் விலை சரிந்தபின், 2015 இல் கெயார்ன் வெளியேறியது. கண்டறிந்த வாயு இன்னும் அடியிலேயே கிடக்கிறது.

இந்த வரலாற்றில் ஒரு கோணல் உண்டு. 2011க்குப் பிறகு நம் கவனம் முழுவதும் ஆழ்கடலுக்கே போய்விட்டது. டொராடோ இருக்குமிடத்தில் நீரின் ஆழமே 1,300 மீற்றருக்கு மேல். பேசாலையோ கால் நனையாமல் போய்ப் பார்க்கக்கூடிய இடம். அந்த இரண்டும் ஒரே படுகையிலும் இல்லை. பேசாலை காவிரிப் படுகையின் தென்கிழக்கு ஓரத்தைச் சேர்ந்தது. டொராடோ மன்னார்ப் படுகையில் உள்ளது. கொண்டுவானா உடைந்தபோது, யுராசிக் காலத்தின் பிற்பகுதி தொடங்கிக் கிரெத்தேசியத்தின் முற்பகுதி ஊடாக, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே பூமியின் மேலோடு இழுபட்டது. பிளவு தொடங்கியது, ஆனால் முழுமை பெறவில்லை. பெற்றிருந்தால் நமக்கும் தமிழகத்துக்கும் இடையே இன்று ஒரு சமுத்திரம் இருந்திருக்கும். பாதியில் நின்ற அந்தப் பிளவு வடக்கே காவிரிப் படுகையாகவும் தெற்கே மன்னார்ப் படுகையாகவும் எஞ்சியது. வடக்கில் உயர்ந்து நிற்கும் பாறைத் திட்டுகளும் அவற்றுக்கிடையே தாழ்ந்த பள்ளங்களும் மாறிமாறி வருகின்றன. தெற்கில் படுகை சரிந்து ஆழ்ந்து, பல கிலோமீற்றர் தடிப்பில் படிவைத் தாங்குகிறது. அங்கே எரிமலைக் குழம்பும் பாய்ந்திருக்கிறது: பராகுடா துளை பசாற்றுப் படைகளையும் ஊடறுத்தது. அந்தப் பசாற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நில அதிர்வுப் படத்தில் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதை அந்தத் தரவைக் கையாண்டவர்கள் அறிவார்கள்.

பேசாலை இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள விளிம்பில் நிற்கிறது. அதனால்தான் அது முக்கியம். ஒரு துளை எண்ணெய் தராமற்போகப் பல காரணங்கள் இருக்கலாம். மூலப் பாறை இல்லாதிருக்கலாம். இருந்தும் போதிய வெப்பம் காணாதிருக்கலாம். வெந்து உருவான எண்ணெய் வேறு திசையில் நகர்ந்திருக்கலாம். மணற்கல்லில் துளைமை போதாதிருக்கலாம். மூடு பாறை கசிந்திருக்கலாம். எண்ணெய் நகர்ந்துபோன பிறகு பொறி உருவாகியிருந்தாலும் துளை வறண்டேயிருக்கும். 'கிடைக்கவில்லை' என்ற முடிவு இவற்றில் எதையும் நமக்குச் சொல்லாது.

ஆழம் போதவில்லை என்ற விளக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. கிலோமீற்றருக்கு 30 பாகை என்ற சராசரிப் புவிவெப்ப ஏற்றத்தை வைத்துக் கணக்கிட்டால், 2,500 மீற்றரில் வெப்பம் 100 பாகை செல்சியஸைச் சற்றுத் தாண்டும். அது எண்ணெய் உருவாகும் வெப்ப எல்லைக்கு உள்ளேதான் வருகிறது. ஆகவே, ஆழம் என்ற ஒற்றைச் சொல்லால் பேசாலையைத் தள்ளிவிட முடியாது. மறுகரையில், ராமநாதபுரம் மாவட்டத்தின் வழுதூரிலும் காஞ்சிரங்குடியிலும் ஓ.என்.ஜி.சி. வாயு எடுக்கிறது, அதைக் கொண்டு வழுதூரில் மின்சாரம் உற்பத்தியாகிறது. பாக்கு நீரிணையின் இக்கரையில் நின்று பார்த்தால் அது அண்டை வீடு. அங்கே வேலை செய்த பெற்றோலியத் தொகுதியின் எந்தக் கூறு இங்கே வந்தபோது அறுந்தது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

அதற்குப் புதிய துளை தேவையில்லை. கரிமப் பொருளின் அளவையும் முதிர்ச்சியையும் அறியச் செய்யும் ரொக்-எவல் சோதனைக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் கற்பொடி போதும். 1974 இல் அந்தக் கருவி துறையில் பரவியிருக்கவில்லை. விட்ரினைட் பிரதிபலிப்பு, அப்பற்றைட் பிளவுத் தடங்கள், நுண்ணுயிர்ப் புதைபடிவங்களைக் கொண்டு வயது கணித்தல் எல்லாமே துளையிலிருந்து மேலே வந்த கற்சிதறல்களில் செய்யக்கூடியவை. ஒரு பழைய துளையின் கற்சிதறல் பெட்டி, நம் நாட்டின் எந்தப் புதிய நில அதிர்வுக் கோட்டையும்விட மதிப்புக் குறைந்ததல்ல. அதைக் களஞ்சியத்தின் மூலையில் ஈரம் குடிக்கவிடுவது பெரும் இழப்பு.

லொக் பதிவுகளுக்கும் இதே கவனம் வேண்டும். சோவியத் மரபில் மின்தடை அளக்கும் முறை மேற்கத்தேய முறையிலிருந்து வேறுபட்டது. வெவ்வேறு நீளமுள்ள பல மின்முனைக் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி அளந்து, பின்னர் திருத்த வரைபடங்களைக் கொண்டு உண்மைத் தடையைக் கண்டுபிடிப்பார்கள். அந்த வாசிப்பு தெரிந்த தலைமுறை ஓய்வுபெற்றுவிட்டது. தாளில் உள்ள வளைகோடுகளை இலக்கமாக்குவதோடு, அவற்றை எப்படி வாசிப்பது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யாவிட்டால், ஒரு தரவுத் தொகுதி கண்முன்னே இருந்தும் கைக்கு எட்டாததாகிவிடும்.

பேசாலை-1 இறங்கிய அதே 1974 இல், யூன் மாதம், பாக்கு நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லையை வகுத்துக்கொண்டன. அந்த ஒப்பந்தம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கச்சத்தீவு. நம் துறைக்குரிய ஒரு பிரிவும் அதில் இருக்கிறது. எண்ணெய் அல்லது வாயு கொண்ட ஒரே புவியமைப்பு எல்லையைத் தாண்டி நீண்டு, ஒரு பக்கத்திலுள்ள பகுதி மறுபக்கத்திலிருந்து எடுக்கப்பட்டால், அதை எவ்வாறு பயன்படுத்துவது, வருவாயை எவ்வாறு பங்கிடுவது என்று இரு நாடுகளும் உடன்பாடு காண முயல வேண்டும். மணலையும் சரளையையும்கூட அந்தப் பிரிவு விட்டுவைக்கவில்லை. கோடு வரைந்தவர்களே அடியிலுள்ள பாறை கோட்டை மதிக்காது என்று எழுதிவைத்தார்கள். நமது வரைபடங்கள் மட்டும் இன்றும் அந்தக் கோட்டில் வெட்டுண்டு நிற்கின்றன.

மணல் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தீவில் இல்மனைட் தேடிய அண்மைக்கால முயற்சிகளை மன்னார் மக்கள் எதிர்த்துத் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். கடல் மட்டத்தை ஒட்டிய ஒரு மணல் தீவில், நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கும் இடத்தில், யார் எங்கே எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்று கேட்பது அவர்களின் உரிமை. அந்தக் கேள்விக்குத் துறைசார்ந்த நாம் முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும். பழைய துளைகளின் இடம், ஆழம், அடைத்த முறை ஆகியவை பொதுவில் திறந்து வைக்கப்பட்டால், புதிதாகத் தேட வருபவரின் சொல்லையும் மக்கள் எடைபோட முடியும். பேசாலைத் தரவை மறுபடி வாசிப்பது தீவில் மறுபடி தோண்டுவதற்கான வாக்குறுதி அல்ல. அந்த வாசிப்பு இங்கே தோண்டவே கூடாது என்ற முடிவுக்கும் நம்மைக் கொண்டுசெல்லலாம். அதையும் அதே தெளிவோடு எழுத வேண்டும்.

பெற்றோலிய வளங்களுக்கான புதிய சட்டம் 2021 இல் வந்தது. அதன்கீழ் பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை இயங்குகிறது. அதனிடமும் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறைகளிடமும் நாம் கேட்பது ஒரு குறுக்குவெட்டு. காஞ்சிரங்குடியில் தொடங்கி, பேசாலையைக் கடந்து, பேர்ள்-1 வழியாக டொராடோவில் முடியும் ஒரே கோடு. அதில் பேசாலையின் மூன்று துளைகளும் வயது, வெப்பம், துளைமை ஆகிய விவரங்களோடு இடம்பெற வேண்டும். முதுகலை மாணவர் இருவர், மேற்பார்வைக்குக் கடலின் இரு கரைகளிலிருந்தும் ஒவ்வொருவர் எனக் குழு அமைந்தாலே பணியைத் தொடங்கிவிடலாம். முடிவு எதுவாக இருந்தாலும், பக்க வரம்பு எதுவும் வைக்காமல், பெரிய தாளில் மடித்து வைத்து இவ்விதழ் அதை அச்சிடும்.