ஜோலார்பேட்டை ரயில் தண்ணீர்: நமது சங்கத்தின் நிலைப்பாடு

2019 ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு 50 டேங்கர் பெட்டிகளில், நடைக்கு 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் ரயிலில் போனது. சங்கம் ஏன் வாய் திறக்கவில்லை என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். எதற்குத் திறக்க வேண்டும் என்போரும் உண்டு. செயற்குழு கூடிப் பேசி, பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட அளவில் இந்த அறிக்கையை வெளியிடுகிறது.

சென்னை மக்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதைச் சங்கம் எதிர்க்கவில்லை. புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடக்கும்போது காலிக் குடத்தோடு தெருவில் நிற்பவர் நமக்கு எதிரி அல்ல. ரயிலுக்கான தண்ணீரை ஜோலார்பேட்டை அருகே மேட்டுச்சக்கரகுப்பம் தொட்டியிலிருந்து எடுப்பதால் உள்ளூர் விநியோகம் குறையாது என்று அதிகாரிகள் சொன்னார்கள். அப்போதைக்கு நம்பினோம். எந்த ஊருக்கு எத்தனை லிட்டர் திறந்துவிடப்பட்டது என்று வாரந்தோறும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போட்டிருந்தால் முழுதாகவே நம்பியிருப்போம்.

ஆனால், காவிரி குழாயில் வந்தால்தான் குடிதண்ணீர் என்ற கதிக்குப் பாலாற்றங்கரை எப்படி வந்தது? கோடையிலும் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த ஊர்கள் இவை. இன்று வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்தில் பல கிணறுகளில் தண்ணீர் இருந்தும் வாயில் வைக்க முடியவில்லை. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பாய்ச்சிய நிலத்தில் வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கிறது. இங்குள்ள தோல் தொழிற்சாலைகளில் ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் உப்பையும் குரோமியத்தையும் சுமந்துகொண்டு எங்கே போனது என்பது ஊரறிந்த விஷயம். உச்ச நீதிமன்றமும் அறியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று வந்த தீர்ப்பு, இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவுக்கோ கெட்டுப்போனதைப் பதிவு செய்திருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. அதன்பின் அமைந்த ஆணையம் சுமார் 29,000 பேருக்கு இழப்பீடு கணக்கிட்டது. அதுவும் 1998 வரையான பாதிப்புக்கு! அதற்குப் பிறகு நிலம் தானாகத் தேறிவிட்டதா? ராணிப்பேட்டையில், மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேலான கழிவு 2019-லும் அங்கேயேதான் கிடந்தது. 2015 ஜனவரியில் அதே ஊரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்தார்கள். இத்தனைக்கும் பிறகு அரசு சார்பில் நம் வீட்டுப் பெண்களிடம் வந்து, பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள் என்று துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் என்றைக்குத் தண்ணீரை வீணாக்கினார்கள்?

தோல் தொழிலை மூடச் சொல்லவில்லை. நம் உறுப்பினர் வீடுகள் பலவற்றில் அடுப்பெரிவது அந்தச் சம்பளத்தில்தான். இந்த வரி இடம்பெற வேண்டும் என்று தொழிலாளர் பிரதிநிதிகள் கேட்டார்கள், செயற்குழு ஏற்றது.

பாலாற்றின் குறுக்கே ஆந்திரம் கட்டிய தடுப்பணைகள், ஆற்று மணல் கொள்ளை பற்றிய நமது பழைய தீர்மானங்கள் அப்படியே நிற்கின்றன.

நம் பங்குக்கு, குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதை உறுப்பினர்கள் இன்றோடு நிறுத்த வேண்டும். மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாததற்கு அதுவும் ஒரு காரணம். வறட்சிக் காலத்தில் புதிதாகக் கரும்பு நடுவதை இயன்றவரை தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறோம் ('இயன்றவரை' என்று போட்ட பிறகே கையெழுத்துகள் விழுந்தன). ஏரி வரத்துக்கால்களை மழைக்கு முன் தூர்வார ஊர்க்கூட்டம் கூட்டுங்கள்.

அரசிடம் கேட்பது: பாலாற்றங்கரைக் கிணறுகளின் நீரைச் சோதித்து, முடிவை ஊர் ஊராக வெளியிட வேண்டும். 1998-க்குப் பிந்தைய பாதிப்புக்கும் இழப்பீடு வேண்டும். தோல் தொழிற்சாலைகளின் ஆழ்துளைக் கிணறுகளுக்கு மீட்டர் பொருத்த வேண்டும். விவசாயிக்கும் வீட்டுக்கும் சிக்கனம் சொல்லும் அரசு அங்கேயும் போய்ச் சொல்லட்டும்.

 ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சிக்காரர் வாசலுக்கு வந்தாலும், உங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொம்பு மொண்டு கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.