நன்கொடைக்கு மட்டும்தானா நோயாளி?

'மக்கள் பங்களிப்பு' என்ற சொல்லை நமது வைத்தியசாலைகளில் கேட்கும்போதெல்லாம் நான் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வது வழக்கம். விடுதிக்கு மின்விசிறி வேண்டும், காத்திருப்போருக்குக் கதிரை வேண்டும் என்று அபிவிருத்திக் குழுக்கள் வரும் வேளையில்தான் அச்சொல் வெளியே வருகிறது. பணம் கேட்பதில் தவறில்லை. கருத்தையும் கேட்கிறார்களா என்பதே என் கேள்வி.

சில மாதங்களுக்கு முன் உறவினர் ஒருவருக்குத் துணையாக ஒரு கிளினிக்கில் காத்திருந்தேன். அருகில் படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து வந்த முதிய தாய். நீரிழிவும் இரத்த அழுத்தமும் அவருக்கு. இலக்கத் துண்டு ஏழு மணியோடு முடிந்துவிட்டதாம். அடுத்த கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். "எங்கட ஊர் முதல் பஸ்ஸே அதுக்குப் பொறகுதானே மனே வெளிக்கிடும்" என்றார். குளிசை தீர்ந்து இரண்டு நாட்கள். கிளினிக் கொப்பியை நீட்டி, "இதில என்ன மனே எழுதியிருக்கு?" என்று கேட்டார். மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குற்றம் யாருடையது? வாவிக்கு மேற்கே வாழ்பவர்களுக்குப் பாலமும் பஸ்ஸும் ஓடமும் கிடைக்கும் நேரமே நேரம். மாரியில் வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. இதை அறிந்தவர் அந்தத் தாய். துண்டு கொடுக்கும் நேரத்தைத் தீர்மானித்தவரோ அறியார். நான் கண்ட குழுக்களில் வர்த்தகர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் இருக்கிறார்கள். மாதந்தோறும் வரிசையில் நிற்கும் நோயாளி இல்லை.

"நோயாளிக்கு வைத்தியம் தெரியுமா?" என்று கேட்பார்கள். கத்தியைக் கையில் கொடுக்கும்படி எவரும் கோரவில்லை. வைத்தியர்களின் பணிச்சுமையையும் நான் அறிவேன். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் பலர் நாட்டைவிட்டே சென்றுவிட்டனர். ஆள் குறைந்த இடத்தில்தான் தவறவிட்ட ஒவ்வொரு கிளினிக்கும் நாளை பாரிசவாதமாக, சிறுநீரகப் பழுதாக விடுதிக்குத் திரும்பி வருகிறது.

இது புதிய கோரிக்கையுமன்று. சுகாதாரச் சேவையைத் திட்டமிடுவதில் பங்குபெறுவது மக்களின் உரிமையும் கடமையும் என்று 1978ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா பிரகடனம் கூறியது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் நோயாளர் பாதுகாப்பு தினத்தின் கருப்பொருளாக நோயாளரின் பங்கேற்பையே வைத்தது. மொழி தடை என்பாரும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். இன்று ஒரு கிளினிக் கொப்பியில் நான்கு வரி தமிழில் எழுத முடியாதா?

நான் கேட்பவை மூன்று. குழுக்களில் இரு கரைகளிலிருந்தும் நோயாளர்கள் அமர வேண்டும். கிளினிக் நேரம் அவர்களைக் கேட்டே தீர்மானிக்கப்பட வேண்டும். நோயாளியைப் பற்றி எழுதுவது நோயாளிக்கு விளங்க வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. அந்தத் தாயையும் ஒரு கதிரையில் இருத்திக் கேட்கும் மனம்தான் வேண்டும். கதிரை ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் வாங்கிக் கொடுத்ததுதான்.