மன்னிப்பு யாருடைய சொத்து?

கிறிஸ்தவக் காதல் நாவல் என்று ஒரு தனிச் சரக்கு அமெரிக்கப் புத்தகச் சந்தையில் வெகுகாலமாக விற்று வருகிறது. கனடா தேசத்து ஜானெட் ஓக் 1979-ல் வெளியிட்ட ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ அந்தச் சந்தைக்குப் பெரிதாகக் கதவு திறந்து விட்ட நாவல். இந்த வகைக்கு இரண்டு சட்டங்கள். கதை கல்யாணத்தில் முடிய வேண்டும். இல்லையென்றால் கல்யாணம் நிச்சயம் என்ற நம்பிக்கையிலாவது முடிய வேண்டும். காதலர் இருவரில் ஒருவராவது, புதிதாகவோ மறுபடியுமோ, ஆண்டவரிடம் வந்து சேர வேண்டும்.

இந்தச் சட்டங்களோடு எனக்கு எந்த விரோதமும் இல்லை. வெண்பாவின் ஈற்றடி மூன்று சீரில்தான் முடிய வேண்டும் என்றால் யாரும் கோபித்துக் கொள்வதில்லை. பக்தி உள்ளவர்கள் பக்தியோடு காதல் கதை படிக்கட்டும். அதைப் பார்த்து முகம் சுளிக்கும் இலக்கியப் பிரபுக்களின் கூட்டத்தில் நான் இல்லை. என் சண்டை ஒரே ஒரு நாவலோடுதான். அதைப் படித்து முடித்தபோது எனக்கு உண்டான கோபம் இலக்கிய ரசனையைப் பற்றியதல்ல, நியாயத்தைப் பற்றியது.

கேட் ப்ரெஸ்லின் எழுதிய ‘ஃபார் ஸச் எ டைம்’ 2014-ல் வெளிவந்தது. மறு ஆண்டே அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் ரீட்டா பரிசுக்கு இரண்டு பிரிவுகளில் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் பட்டியலில் ஏறியதே பெரிய கண்டனத்தைக் கிளப்பியது.

கதை இதுதான். 1944-ம் வருஷம். ஹதஸ்ஸா என்ற யூதப் பெண்ணுக்குப் பொன்னிறக் கூந்தல், நீலக் கண்கள். துப்பாக்கிக் குண்டுக்கு இரையாக வேண்டியவள் தப்பிக்கிறாள். ஸ்டெல்லா என்ற பொய்ப் பெயரில் ஒரு எஸ்.எஸ். அதிகாரியின் காரியதரிசியாகிறாள். அந்த அதிகாரிதான் தெரேசியன்ஸ்டாட் முகாமின் தலைவன். அவனை அவள் காதலிக்கிறாள். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு பைபிள் அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. அவன் மனம் மாறுகிறான். அவள் கிறிஸ்துவை நாடுகிறாள். மரண ரயிலில் ஏறியவர்கள் பிழைக்கிறார்கள். சுபம்.

பைபிளில் வரும் எஸ்தரின் கதையைத்தான் இந்தக் காலத்துக்குக் கொண்டு வந்தேன் என்கிறார் நாவலாசிரியை. நாவலின் தலைப்பே மொர்தெகாய் எஸ்தருக்குச் சொல்லி அனுப்பும் வார்த்தையிலிருந்து எடுத்ததுதான். சரி, அந்த மூலத்தையே சாட்சிக்கு அழைப்போம்.

ராஜா எஸ்தர்மேல் அன்பு வைத்தான் என்று மூலம் சொல்கிறது. எஸ்தர் ராஜாவைக் காதலித்ததாக அங்கே ஒரு வார்த்தை கிடையாது. அவள் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்ட பெண். உயிரைப் பணயம் வைத்து ராஜாவின் முன் போய் நின்றது தன் ஜனத்துக்காக. அவள் யூதப் பெண்ணாகவே அங்கே போனாள், யூதப் பெண்ணாகவே வென்றாள். கதையின் முடிவில் அந்த தேசத்து மற்ற ஜனங்களில் அநேகர் யூதரானார்கள் என்றுதான் இருக்கிறது. நாவலிலோ யூதப் பெண் தன் மார்க்கத்தை விட்டு நகர்கிறாள். மூலத்தின் ஓட்டத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிட்டு, மூலத்தின் பெயரால் பெருமை கொண்டாடுவது என்ன நியாயம்?

இன்னொன்றும் உண்டு. எபிரேய மூலத்தில் எஸ்தரின் கதை முழுவதும் தேடினாலும் கடவுளின் பெயர் ஒரு இடத்தில்கூட வராது. பல நூற்றாண்டுகளாகப் பண்டிதர்கள் வியந்து பேசும் மௌனம் அது. ஒரு ஜனமே அழிய இருந்த வேளையைச் சொல்லும்போது அந்தப் பழைய கதாசிரியனுக்கு அத்தனை அடக்கம் இருந்தது. நம் நாவலாசிரியைக்கு இல்லை.

இனி அந்த இடத்துக்கு வருவோம். தெரேசியன்ஸ்டாட் கற்பனை ஊரல்ல. 1941 நவம்பரிலிருந்து 1945 மே வரையில் சுமார் 1,40,000 யூதர்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள். சுமார் 33,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே செத்தார்கள். 88,000 பேர்வரை ஆஷ்விட்ஸ் முதலான இடங்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். அவர்களில் மிகச் சிலரே மிஞ்சினார்கள். 1944 ஜூன் 23-ம் தேதி செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தார்கள். அதற்காக வீடுகளுக்கு வர்ணம் பூசினார்கள், பூந்தோட்டம் வைத்தார்கள். ஊர் நெரிசலாகத் தெரியக் கூடாது என்று முந்தின மாதமே சுமார் 7,500 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர்கள் பார்த்துத் திருப்தியோடு போனார்கள். அந்த இலையுதிர் காலத்தில் மேலும் 18,000 பேர் ரயிலேறினார்கள். அந்த ரயில்களை எந்தக் காதலனும் நிறுத்தவில்லை.

அந்த முகாமுக்கு நிஜத்தில் மூன்று தலைவர்கள் இருந்தார்கள். ஸைடல், ராம் இருவரும் 1947-ல் தூக்கில் தொங்கினார்கள். பர்கர் தப்பியோடி, பொய்ப் பெயரில் வாழ்ந்து, 1991-ல் தன் படுக்கையில் நிம்மதியாகச் செத்தான். பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு பிழைத்தது எந்தப் பக்கம் என்று பாருங்கள்! இந்த மூவரின் நாற்காலியில்தான் நாவலாசிரியை தன் கதாநாயகனை உட்கார்த்தி வைத்திருக்கிறார்.

“பாவிக்கு மன்னிப்புக் கிடையாதா? கிறிஸ்தவத்தின் உயிரே அதுதானே?” என்று கேட்பார்கள். பெரிய கேள்விதான். பெரிய கிறிஸ்தவ எழுத்தாளர்கள் அதற்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். தாஸ்தயேவ்ஸ்கியின் ரஸ்கோல்னிகோவ் கொலைகாரன். அவனுக்கும் ஒரு ஸோன்யாவின் அன்பு கிடைக்கிறது. ஆனால் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு எட்டு வருஷம் சைபீரியாவுக்குப் போகிறான். டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ இன்னும் கடுமையானது. தான் கெடுத்த காத்யூஷாவின் பின்னாலேயே சைபீரியாவுக்குப் போகிறான் நெஹ்லூதவ். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிறான். அவள் மறுக்கிறாள். தன் வழியைத் தானே தேர்ந்துகொள்கிறாள். அந்த மறுப்பில்தான் அவள் மனுஷியாக எழுந்து நிற்கிறாள். அந்த மறுப்பை ஏற்றுக்கொள்வதில்தான் அவனுக்குப் புத்துயிர் தொடங்குகிறது.

ஹதஸ்ஸாவுக்கு அந்த உரிமை இல்லை. காதல் நாவலின் முதல் சட்டம் அவள் ‘மாட்டேன்’ என்று சொல்வதைத் தடுக்கிறது. கிறிஸ்தவ நாவலின் இரண்டாவது சட்டம் அவள் யூதப் பெண்ணாகவே இருப்பதைத் தடுக்கிறது. வேறு களத்தில் இந்தச் சட்டங்கள் வெறும் சம்பிரதாயம். முகாமுக்குள் கொண்டுபோய் வைத்தால் அவையே கொடுமையாகிவிடுகின்றன. கைதியின் உயிர் யார் கையில் இருக்கிறதோ அவனை அவள் நேசித்தே ஆக வேண்டும் என்று கதையே அவளுக்குக் கட்டளையிடுகிறது. சாவுக்கும் அவளுக்கும் நடுவே நிற்கிறவன் அவன் ஒருவன்தான் என்னும்போது, அவள் சம்மதத்துக்கு என்ன பொருள்?

ஸைமன் வீஸந்தால் தம் அனுபவமாக ஒன்று எழுதியிருக்கிறார். சாகக் கிடந்த ஒரு எஸ்.எஸ். சிப்பாய், யூதக் கைதியான அவரை அழைத்து, தான் செய்த படுகொலைக்கு மன்னிப்புக் கேட்டான். அவர் பேசாமல் வெளியே போய்விட்டார். தான் செய்தது சரியா என்று பிறகு ஒரு புத்தகம் முழுவதும் கேட்டார். செத்தவர்களுக்காக மன்னிக்கத் தனக்கு அதிகாரம் உண்டா என்று அவர் தயங்கினார். அந்த முகாம்களின் உள்ளே கிடந்த மனிதர் அவர். அவருக்கே இல்லாத துணிச்சல், தன் அறையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு எப்படி வந்தது?

யூதர்மேல் இரக்கம் கொண்டுதான் எழுதினேன் என்றார் நாவலாசிரியை. நான் நம்புகிறேன். அவர் கெட்ட எண்ணத்தோடு எழுதினார் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் நல்லெண்ணம் ஒரு நாவலுக்கு வக்காலத்து ஆகாது. எந்த ஜனத்தின் மேல் இரக்கமோ, அந்த ஜனத்தில் பிறந்த வாசகி ஒருத்தி தன் பாட்டி ரயிலேறிய ஊரில் இந்தக் காதலைப் படிக்கும்போது என்ன நினைப்பாள் என்று எழுதுகிறவர் ஒரு நிமிஷம் எண்ணியிருக்க வேண்டும். புத்தகத்தை அச்சுக்கு அனுப்பியவர்களும், பரிசுப் பட்டியலில் ஏற்றியவர்களும் எண்ணியிருக்க வேண்டும்.

கடவுள் யாரை வேண்டுமானாலும் மன்னிக்கட்டும். அது அவர் காரியம். நாவலாசிரியர்களின் உத்தரவு அவருக்குத் தேவையில்லை. ஆனால் அடிபட்டவளின் மன்னிப்பு அவளுடைய சொத்து. கொடுப்பதும் மறுப்பதும் அவள் இஷ்டம். கதை இனிமையாக முடிய வேண்டும் என்பதற்காக அதை அவள் மடியிலிருந்து பிடுங்கி, அடித்தவனுக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்க எந்த எழுத்தாளருக்கும் உரிமை கிடையாது.